பூட்டிய பூங்காவும் அண்டை வீட்டாரின் உரிமையும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் மூன்றாம் வாரம். சென்னை தியாகராய நகரின் நடுவே உள்ள பனகல் பூங்காவிற்கு விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோர் வாயிலோடு திரும்ப வேண்டியதாயிற்று. கதவு பூட்டப்பட்டிருந்தது. சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு நேராகப் பூங்காவுக்கு வரும் முதியோர், சர்க்கரை நோய்க்காக நடக்குமாறு மருத்துவர் சொன்னதால் வருவோர், ஒண்டுக் குடித்தனத்தின் புழுக்கத்திலிருந்து சற்று நேரம் மூச்சு விட வரும் பெண்கள் என எல்லாருக்கும் அந்தக் கதவு ஒரே பதிலைத்தான் சொன்னது. வாயிலோரத்தில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்றுப் பிழைத்தவர்களுக்கும் அன்றோடு வியாபாரம் நின்றது.

மரமும் நிழலும் காற்றும் அல்லாஹ் அனைவருக்கும் பொதுவாக அளித்த அருட்கொடைகள். அவற்றைப் பூட்டி வைக்க ஓர் அரசுக்கு உரிமை உண்டா? உண்டென்றால் அந்த உரிமையின் எல்லை எது? நோய் வந்த காலங்களில் நம் முன்னோர் பொதுவிடங்களை எவ்வாறு நடத்தினார்கள்? பெருந்தொற்றின் அச்சம் தணிந்து, அந்நாள்களை நிதானமாகத் திரும்பிப் பார்க்க முடிகின்ற இக்காலத்தில் இக்கேள்விகளுக்கு விடை தேடுவது நம் கடமையாகும். ஏனெனில் கொள்ளைநோய் உலகத்திற்குப் புதியதன்று. இனி வரவே வராது என்று சொல்வோரும் இல்லை.

ஏரி நகரமான வரலாறு

இன்று பட்டுக் கடைகளும் நகைக் கடைகளும் நெருங்கி நிற்கும் தியாகராய நகர், நூறாண்டுகளுக்கு முன் நீர்ப்பரப்பாக இருந்தது. மயிலாப்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம் ஆகிய ஊர்களின் பக்கமாக நீண்டு கிடந்த பெரிய ஏரியொன்று 1920-களில் தூர்க்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்திற்குப் பின், அந்நிலத்தில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்பே இந்நகர். நீதிக்கட்சித் தலைவரும் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவருமான சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரை நடுவிலுள்ள பூங்கா பெற்றது. வெங்கடநாராயணா சாலையிலுள்ள பூங்கா மருத்துவர் நடேசனாரின் பெயரால் அமைந்தது.

பனகல் பூங்காவைத் தொட்டு வடக்கும் தெற்குமாக ஓடும் சாலைக்கு உஸ்மான் சாலை என்று பெயர். அவ்வழியே நாள்தோறும் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த உஸ்மான் யார் என்று அறிவார்கள்? அவர் சர் முஹம்மத் உஸ்மான். 1924-25-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். 1934-ஆம் ஆண்டில் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்று, அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் என்ற சிறப்பைப் பெற்றவர். நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடைய மற்றொரு பணியும் அவருக்கு உண்டு. யூனானி, சித்தம், ஆயுர்வேதம் ஆகிய நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1921-இல் அரசு அமைத்த குழுவிற்கு அவரே தலைவர். 1923-இல் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்ற அதுவே வழிகோலிற்று. மக்களின் உடல்நலம் குறித்துக் கவலை கொண்ட ஒரு முஸ்லிமின் பெயர்தான் அந்தப் பூங்காவின் ஓரத்துச் சாலைக்கு இருக்கிறது.

நெருக்கமான ஊர்களில் வாழும் மக்களுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் நோய் குடியேறும் என்பது அந்நாளைய நகரமைப்பாளர்களின் உறுதியான எண்ணம். ஆகவே வீட்டுமனைகளுக்கு இடையே பூங்காவை வைத்தார்கள். நோயைத் தடுப்பதற்கென்று உண்டாக்கிய இடத்தையே நோயைத் தடுப்பதற்காகப் பூட்ட நேர்ந்தது. 2020-ஆம் ஆண்டு நமக்கு அளித்த வியப்புகளுள் இதுவும் ஒன்று.

பூட்டு விழுந்த நாள்கள்

2020 மார்ச் 7-ஆம் நாள் தமிழகத்தின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 16-ஆம் நாள் தமிழக அரசு, கல்வி நிலையங்களையும் திரையரங்குகளையும் வணிக வளாகங்களையும் மாத இறுதிவரை மூட ஆணையிட்டது. அதே வாரத்தில் சென்னை மாநகராட்சி தன் பொறுப்பிலுள்ள பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் மூடியது. மாநகரெங்கும் 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் அதன் பொறுப்பில் இருந்தன. தியாகராய நகரின் பெரிய கடைகளும் அடைக்கப்பட்டன. மார்ச் 24 மாலை முதல் மாநிலமெங்கும் தடையாணை. 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு.

அந்நாள்களில் இந்த நோயைக் குறித்து மருத்துவ உலகம் அறிந்திருந்தது மிகக் குறைவு. காய்ச்சலும் இருமலும் தோன்றும் முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. தொற்று ஏற்பட்டவருக்கு அறிகுறி வெளிப்பட 14 நாள்கள் வரைகூட ஆகலாம் எனக் கூறப்பட்டது. நலமுடன் இருப்பதாக நினைத்துக்கொண்டு பூங்கா இருக்கையில் அமர்ந்து அளவளாவும் ஒருவர், தம்மை அறியாமலேயே பத்து வீடுகளுக்கு நோயைக் கொண்டு செல்லக்கூடும் என்ற அச்சம் இருந்தது. பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள தெருக்களின் மக்கள். அவர்களிலும் முதியோரே மிகுதி. இந்நோய் மிகுதியாகப் பலிகொண்டதும் முதியோரைத்தான். இதனால்தான் அந்தப் பூட்டுப் போடப்பட்டது.

திறந்த வெளியில் என்ன தீங்கு?

"நான்கு சுவருக்குள் கூடினால்தானே ஆபத்து? வானத்தின் கீழே நடப்பதில் என்ன தீங்கு?" என்று அன்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வியே. இதற்கு நம் வரலாற்று நூல்களில் ஒரு படிப்பினை இருக்கிறது.

புகாரீ நூலின் விரிவுரையான ஃபத்ஹுல் பாரீயை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களை அறியாத ஆலிம் இல்லை. ஹிஜ்ரி 852-இல் மறைந்த அப்பெருந்தகை, கொள்ளைநோயைக் குறித்தே தனியாக ஒரு நூல் எழுதியுள்ளார்கள் என்பதைப் பொதுமக்கள் பலர் அறியார். கொள்ளைநோய்க்குத் தம் பெண் மக்களையே பறிகொடுத்த தந்தை அவர்கள். அந்நூலில் தம் கண்முன் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார்கள்.

ஹிஜ்ரி 833-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1430. கெய்ரோ நகரில் நோய் தலைகாட்டியது. நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோரே இறந்துகொண்டிருந்தனர். மக்கள் மூன்று நாள்கள் நோன்பு நோற்று, மழை வேண்டித் தொழச் செல்வது போல ஊருக்கு வெளியே பாலைவெளியில் பெருந்திரளாகக் கூடி, நோய் நீங்கப் பிரார்த்தித்துத் திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நாளொன்றின் இறப்பு ஆயிரத்தைத் தாண்டியது. பிறகு மேலும் பெருகிற்று. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன், ஹிஜ்ரி 749-இல் டமாஸ்கஸ் நகரில் இவ்வாறே கூடியபோதும் இறப்பு பெருகியதாகக் கிடைத்த செய்தியையும் இமாமவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அன்பர்களே! கூடியவர்களின் எண்ணம் தூய்மையானது. இடமோ பாலைவெளி, அதைவிடத் திறந்த வெளி ஏது? வெளி திறந்திருந்தது, ஆனால் மக்கள் நெருங்கியிருந்தார்கள். இந்த உண்மையை 590 ஆண்டுகளுக்குப் பின் மருத்துவ அறிஞர்கள் நமக்கு மீண்டும் சொன்னார்கள். கொரோனா நுண்கிருமி காற்றோட்டமற்ற அறைகளில் வேகமாகவும், திறந்த வெளியில் மிகக் குறைவாகவும் பரவுகிறது. ஆயினும் தோளோடு தோள் உரச மக்கள் கூடுமிடத்தில் திறந்த வெளியும் முழுக் காப்பு ஆகாது என்றார்கள். ஆக, அஞ்ச வேண்டியது மரநிழலை அன்று. நெரிசலையே என்பது தெளிவாகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

சர்ஃகிலிருந்து அம்வாஸ் வரை

கொள்ளைநோயைப் பற்றிப் பேசும்போது உமர் (ரலி) அவர்களின் சர்ஃக் பயணத்தை நினைவுகூராமல் இருக்க இயலாது. ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்ட கலீஃபா அவர்களை, சர்ஃக் எனும் இடத்தில் படைத்தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும் பிறரும் சந்தித்து, ஷாமில் நோய் பரவியிருக்கும் செய்தியைச் சொன்னார்கள். கலீஃபா அவர்கள் தாமே முடிவெடுத்துவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. அன்ஸார்களை அழைத்துக் கேட்டார்கள்; அங்கும் வேறுபட்டது. பின்னர் குறைஷிகளின் மூத்தோரை அழைத்தபோது, மக்களோடு திரும்பிவிடுவதே நலம் என்று அவர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். அதன்படியே முடிவு செய்தார்கள்.

அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். பசுமையான கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது இறைவிதியே அல்லவா என்று உவமையும் சொன்னார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோயுள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், நோயுள்ள ஊரிலிருந்து அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதை எடுத்துரைத்தார்கள். கலீஃபா அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து, மதீனா திரும்பினார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி விரிவாக இடம்பெற்றுள்ளது.

அந்நோய் அம்வாஸ் கொள்ளைநோய் என்று வரலாற்றில் பெயர் பெற்றது. பாலஸ்தீனத்து ஊரொன்றின் பெயர் அது. அபூஉபைதா (ரலி) அவர்கள் தம் மக்களை விட்டு வெளியேற மனமின்றி அங்கேயே ஷஹீதானார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களையும் நோய் கொண்டுபோயிற்று. பின்னர்ப் பொறுப்பேற்ற அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) அவர்கள், இந்நோய் நெருப்பைப் போலப் பற்றிப் பரவுவது என்று மக்களுக்கு விளக்கி, ஓரிடத்தில் கூடியிராமல் மலைப்பகுதிகளில் பிரிந்து தங்குமாறு ஆணையிட்டார்கள். அதை மறுத்துப் பேசியவரும் உண்டு. ஆயினும் மக்கள் கலைந்து சென்றார்கள், நோய் அகன்றது. இச்செய்தி உமர் (ரலி) அவர்களை எட்டியபோது அதை அவர்கள் வெறுக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

நெருப்புக்கு விறகு வேண்டும். விறகுகள் பிரித்து வைக்கப்பட்டால் நெருப்பு தானே அவியும். பூங்காவின் பூட்டுக்கும் அம்வாஸ் மலைகளுக்கும் இடையே ஏறக்குறைய 1,380 ஆண்டுகள் இருந்தாலும் இரண்டின் நோக்கமும் ஒன்றே.

கோயம்பேடு சொன்ன பாடம்

விறகு பிரிக்கப்படாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் அதே சென்னை கண்டது. தியாகராய நகரின் பெரும்பகுதியும் கோயம்பேடும் மாநகராட்சியின் ஒரே மண்டலத்தில், கோடம்பாக்கம் மண்டலத்தில் அடங்கியவை. பூங்காக்கள் பூட்டியிருந்தபோதும் கோயம்பேடு காய்கனிச் சந்தை இயங்கியாக வேண்டியிருந்தது. மாநகரின் அடுப்பு அதை நம்பியிருந்தது. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள்களுக்கு முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டதும், அதற்கு முந்தைய நாள் மக்கள் கடைகளையும் சந்தைகளையும் நோக்கி அலைமோதினார்கள். சில நாள்களிலேயே சந்தையின் வியாபாரிகளிடமும் சுமைதூக்கும் தொழிலாளரிடமும் நோய் வெளிப்பட்டது. மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டுக் காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அதற்குள் ஊர் திரும்பிய தொழிலாளரோடு நோயும் கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குச் சென்றுவிட்டது. மே மாதத்தில் கோடம்பாக்கம் மண்டலம் சென்னையில் பாதிப்பு மிகுந்த மண்டலங்களுள் ஒன்றாயிற்று.

அதற்கு முந்தைய மாதத்தில்தான், தில்லி நிஜாமுத்தீன் மாநாட்டைக் காரணம் காட்டி ஒரு சமுதாயத்தையே நோயின் காரணகர்த்தாவாகச் சுட்டியவர்கள் இருந்தார்கள். நோய்க்கு மதம் இல்லை. அது நெரிசலைத்தான் தேடுகிறது என்பதைக் கோயம்பேடு உணர்த்திற்று. தொற்றிலிருந்து மீண்ட ஜமாஅத்தார் பிற நோயாளிகளுக்காகத் தம் இரத்தத்தின் பிளாஸ்மாவை வழங்க முன்வந்ததும், நம் இளைஞர்கள் மதம் பாராமல் உடல்களை அடக்கம் செய்ததும் தமிழகம் அறிந்த செய்திகள்.

ஜூன் 10-ஆம் நாள், தியாகராய நகர்த் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும், அப்போது சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி உறுப்பினராக இருந்தவருமான ஜெ. அன்பழகன் இந்நோயால் இறந்தார். அன்று அவருடைய 62-ஆவது பிறந்த நாள். ஊரடங்கில் தவித்த மக்களுக்கு உதவிப் பொருள்கள் வழங்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர் அவர். இந்தியாவில் கொரோனாவுக்குப் பலியான முதல் சட்டமன்ற உறுப்பினர் அவரே. தமிழகத்தில் அரசுக் கணக்கின்படியே 38,000-க்கும் மேற்பட்டோரை இந்நோய் பறித்தது. அவர்களில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய தந்தை, யாரோ ஒருவருடைய தாய், யாரோ ஒருவருடைய பிள்ளை அல்லவா?

பள்ளிவாசல் கதவும் மூடியது

பூங்காவுக்கு மட்டுமா பூட்டு? பாங்கு ஒலித்தது, ஆனால் ஜமாஅத் இல்லை. ஜும்ஆ இல்லை. அந்த ஆண்டு ரமளானில் தராவீஹ் வீடுகளிலேயே நடந்தது. நோன்புக் கஞ்சிக்காக அரசு வழங்கும் பச்சரிசி, பள்ளிவாசலில் காய்ச்சப்படாமல் வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டது. மே 25-ஆம் நாள் பெருநாள் தொழுகையை வீட்டு முற்றத்தில் பிள்ளைகளோடு நின்று தொழுதோம். ஹஜ்ஜும் மிகச் சிலரோடு நடந்தேறியது. நெஞ்சு கனத்த காலம் அது.

எனினும் மார்க்கம் நம்மை வழியற்றவர்களாக விட்டுவிடவில்லை. மழையும் சேறுமான நாளில், தொழுகைக்கு வாருங்கள் என்பதற்குப் பதிலாக வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்குமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறி, தம்மைவிடச் சிறந்தவரான நபியவர்கள் இவ்வாறு செய்திருக்கிறார்கள் என்றும் விளக்கினார்கள். சேற்றில் கால் வழுக்கும் சிரமத்திற்கே சலுகை உண்டென்றால், உயிருக்கு ஆபத்து உள்ளபோது சலுகை இல்லாமல் போகுமா? தொழுகைக்காக வரும் கூட்டத்தையே விலக்கிக்கொண்ட நாம், பூங்காவின் கதவைக் குறித்து முறையிட இடமில்லாமல் போயிற்று.

நம்பிக்கையின்றிப் போட்ட பூட்டு

இதுவரை பூட்டின் நியாயத்தைப் பார்த்தோம். நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்ப்பதே நீதி.

2020-இல் அரசுகள் பயன்படுத்திய சட்டங்களுள் ஒன்று, 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியதும் ஆங்கிலேய அரசு அவசரமாக இயற்றியது அது. சில பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம். ஆனால் அதிகாரமோ அளவற்றது. வீடுகளுக்குள் நுழைந்து சோதிப்பது, நோயாளிகளைப் பிரித்து இழுத்துச் செல்வது, உடைமைகளை எரிப்பது என்று அது நடைமுறைக்கு வந்தது. புனேயில் பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் 1897 ஜூன் மாதத்தில் சுடப்பட்டு, பின்னர் இறந்தார். 1898 மார்ச் மாதத்தில் பம்பாயின் முஸ்லிம் நெசவாளர் பகுதியில், ஒரு பெண்ணைச் சோதிக்க முயன்றதை முன்னிட்டுக் கலவரம் மூண்டது. மக்கள் நோயை மறைத்தார்கள். இறந்தோரை இரவோடிரவாக அடக்கினார்கள். மக்களைக் காக்க வந்த சட்டத்தைக் கண்டு மக்களே ஓடி ஒளிந்தார்கள். இதனால் நோய் மேலும் பரவிற்று.

உமர் (ரலி) அவர்கள் மூன்று கூட்டத்தாரை அழைத்துக் கலந்தாலோசித்த சர்ஃகையும், எவரையும் கேளாமல் கதவை உடைத்த பம்பாயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் நோயைத் தடுக்கும் முயற்சிகளே. ஒன்றில் ஆலோசனையும் விளக்கமும் இருந்தன. மற்றொன்றில் அதிகாரம் மட்டுமே இருந்தது.

அளவும் ஈடும்

நோயுற்றோரைப் பொதுவிடத்திலிருந்து விலக்கி வைத்த மற்றொரு நிகழ்ச்சி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. தொழுநோயுற்ற ஒரு பெண்மணி கஅபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தார். மக்களுக்குத் துன்பம் நேராதிருக்க அவர் வீட்டில் இருந்துகொள்வது நலம் என உமர் (ரலி) அவர்கள் கனிவாகச் சொன்னார்கள். அவர் அப்படியே வீட்டில் அமர்ந்துவிட்டார். உமர் (ரலி) அவர்கள் மறைந்த பின் ஒருவர் வந்து, உங்களைத் தடுத்தவர் இறந்துவிட்டார், இனி வெளியே வாருங்கள் என்றார். உயிரோடிருந்தபோது கீழ்ப்படிந்துவிட்டு, இறந்த பின் மாறு செய்பவள் நானல்லள் என்ற கருத்தில் அப்பெண்மணி விடையிறுத்தார். காவலர் இல்லை, அபராதம் இல்லை, பூட்டும் இல்லை. சொன்னவரின் நேர்மையில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அவ்வளவே.

விலக்கி வைப்பதோடு கடமை முடிந்துவிடுகிறதா? இல்லை. ஹிஜ்ரி 86 முதல் 96 வரை ஆண்ட உமையாக் கலீஃபா வலீத் பின் அப்தில் மலிக், தொழுநோயாளர்கள் மக்களிடம் கையேந்தாதிருக்க உதவித்தொகை வழங்கினார். நடக்க இயலாதவருக்குப் பணியாளரையும், பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் அமர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். ஒருவனை வீட்டில் இரு என்று சொல்பவன், அவன் வீட்டு அடுப்புக்கும் பொறுப்பாளி ஆகிறான்.

தியாகராய நகருக்குத் திரும்புவோம். 2020-இல் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசியும் வழங்கப்பட்டன. ஜூன் மாதத்தில் சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் ஊரடங்கு கடுமையானபோது மீண்டும் 1,000 ரூபாய் கிடைத்தது. 2021-இல் இரு தவணைகளாக 4,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. இவை நன்றிக்குரியவை. ஆயினும் பூங்கா வாயிலில் நாளெல்லாம் நின்று விற்றுப் பிழைத்தவனின் பல மாத வருவாய்க்கு இவை ஈடாகுமா? வீட்டில் மொட்டைமாடியும் முற்றமும் உடையவனுக்குப் பூங்காவின் பூட்டு ஒரு சிறிய அசௌகரியம். ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் குடும்பத்திற்கோ அதுவே இருந்த ஒரே சாளரத்தையும் அடைத்ததாகும். ஒரே பூட்டு எல்லார் மீதும் ஒரே கனத்தில் விழுவதில்லை.

நிர்ப்பந்தம் அதன் அளவுக்கே மதிக்கப்படும் என்பது நம் ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆபத்து குறையும்போது தடையும் குறைய வேண்டும். 2020 செப்டம்பரில் பூங்காக்கள் கட்டுப்பாடுகளோடு திறந்தன. 2021 ஏப்ரல் 20 முதல், இரண்டாம் அலையின் காரணமாக மீண்டும் மூடப்பட்டன. ஆனால் இம்முறை ஒரு மாறுதல் காணப்பட்டது. ஜூன் 14 முதல், தொற்று குறைந்த சென்னை உள்ளிட்ட மாவட்டங்களில், கடைகள் பலவற்றுக்குத் தடை நீடித்தபோதே, காலை 6 மணி முதல் 9 மணி வரை நடைப்பயிற்சிக்காகப் பூங்காக்கள் திறந்துவிடப்பட்டன. பின்னர் நோய் மீண்டும் தலைதூக்கக் கூடும் என்ற நிலையில், ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 9 வரை மாநகராட்சி பூட்டியது எதை? நெரிசல் மிகுந்த ரங்கநாதன் தெரு உள்ளிட்ட ஒன்பது வணிகப் பகுதிகளை! மரநிழலை அன்று, நெரிசலையே அஞ்ச வேண்டும் என்று முன்னர்க் கூறியதை நினைவுகூருங்கள். முதல் ஆண்டில் அறியாமையால் எல்லாவற்றையும் மூடிய கை, இரண்டாம் ஆண்டில் அறிவோடு எதை மூடுவது, எதைத் திறப்பது என்று பிரித்தறியத் தொடங்கியது. அந்த ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு நாள்களில் வழிபாட்டுத் தலங்களுக்கும் தடை வந்தது. நம் ஜும்ஆக்கள் சில அதில் போயின. அந்த வேதனையிலும் மஹல்லாக்கள் பொறுமை காத்தன.

நாம் பெறும் படிப்பினை

பொதுவிடத்தை அடைப்பது எப்போது அறமாகும்? வரலாறு மூன்று நிபந்தனைகளைக் காட்டுகிறது. முதலாவது, அண்டை மக்களின் உயிரைக் காக்கும் உண்மையான தேவை இருக்க வேண்டும். அத்தேவை மக்களுக்கு விளக்கப்பட வேண்டும். இரண்டாவது, தடை தேவையின் அளவைத் தாண்டக் கூடாது. அறிவு வளர வளர அது திருத்தப்பட வேண்டும். மூன்றாவது, தடையால் நலிந்தவனை ஊரார் தாங்க வேண்டும். முதல் இரண்டும் ஆட்சியாளரின் பொறுப்பு. மூன்றாவது ஆட்சியாளரோடு நம் ஒவ்வொருவரின் பொறுப்பும் ஆகும்.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியதால், அவர்களுக்கு வாரிசுரிமையும் வழங்கப்பட்டுவிடுமோ என்று தாம் எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாகவும் இருக்கலாம், பிற சமயத்தவராகவும் இருக்கலாம். இனி ஒரு நோய் வந்து, நம் தெருவின் பூங்கா பூட்டப்பட்டால், அந்தப் பூட்டைப் பார்த்து முணுமுணுக்கும் முன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. என் மூச்சால் என் அண்டை வீட்டு முதியவருக்குத் தீங்கு நேராமல் காத்துக்கொண்டேனா? அந்தப் பூங்கா வாயிலில் சாறு விற்றவரின் வீட்டில் இன்று அடுப்பு எரிகிறதா?

முதல் கேள்விக்கு விடை, நாம் வீட்டில் தங்குவது. இரண்டாவது கேள்விக்கு விடை, நாம் வீட்டைவிட்டு எழுந்து அவருடைய கதவைத் தட்டுவது. இரண்டையும் சேர்த்துச் செய்பவரே அம்வாஸின் பாடத்தை முழுமையாகக் கற்றவர்.

வல்ல நாயன் அல்லாஹ், கொள்ளைநோய்களிலிருந்து நம்மையும் நம் நாட்டு மக்கள் அனைவரையும் காத்தருள்வானாக! அந்நோயில் மறைந்த நம் சகோதரர்களுக்கு ஷஹீதுகளின் அந்தஸ்தை வழங்குவானாக! அண்டை வீட்டாரின் உரிமையை அறிந்து நடக்கும் நன்மக்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!